பத்து நாற்பது வண்டி

எழுந்திருக்காதீர்கள் அம்மா, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. வண்டி திருப்பத்துக்கு வரும்போதே ஹாரன் கேட்கும், அப்புறம் எழுந்தால் போதும். இந்த நிலைமையில் சும்மா சும்மா எழுந்து உட்காரக் கூடாது.

அந்த டீக்கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். 'அது போயி கால் மணி நேரமாச்சு, இன்னேரம் கருவேலம்பாட்டு ரோட்டுல டிரைவர் வெத்தல போட்டுட்டு இருப்பாரு' என்கிறார். அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது வண்டி போயிருக்கும். உங்கள் போனில் என்ன போட்டிருக்கிறது? படியுங்கள். பூவரசன்குளம் விலக்கு, அதாவது இந்த நிறுத்தம், கருவேலம்பாடு வண்டி, பத்து நாற்பது. அவ்வளவுதான்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். அந்தப் பத்து நாற்பதை எழுதியதே நான்தான்.

போனில் இருக்கிற அந்த ஆப்பைச் செய்தது நானில்லை. அது ஹமீது, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், கெட்டிக்காரன். ஆனால் ஆப் வெறும் கண்ணாடி அம்மா. உள்ளே தெரிவது என் அட்டவணை. இந்த வட்டாரத்தில் ஓடுகிற டவுன் பஸ் அத்தனையும், வண்டிக்கு ஒரு வரி. அறுநூற்றுப் பதினோரு வரி. டெப்போவில் டைம் கீப்பர் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து, பதினோரு சனிக்கிழமை நின்றுகொண்டே எழுதினேன். உட்கார ஸ்டூல் தரவில்லை. கேட்டதற்கு, 'நீங்க எழுதி என்ன சார் ஆகப்போவுது, வண்டி அதும்பாட்டுக்கு ஓடும்' என்றார் டைம் கீப்பர். அதைத்தான் நானும் சொல்கிறேன். வண்டி ஓடும், அது எப்போது என்று யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபில் இன்ஸ்ட்ரக்டர். பெயர் வேலாயுதப்பெருமாள். அட்டவணையின் தலையில் போட்டிருக்கும், பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் பார்ப்பதில்லை.

எழுதி முடித்ததை நான் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் வைத்தேன். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது. திருத்தலாம் என்றால் கண்டபடி இல்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் பிரின்சிபாலின் உதவியாளர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் 'புதியது', 'மிகப் புதியது', 'கடைசி', 'கடைசி இரண்டு', 'இதுதான் கடைசி' என்று ஒரே கடிதம் ஏழு இருக்கும். எது போனது, எது போகவில்லை, அவருக்கே தெரியாது. நாங்கள் அப்படிச் செய்வதில்லை. ஒரு கோப்புதான். ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். யார் திருத்தியது, என்றைக்கு, எந்த வரியை, எதற்காக. கமிட் என்று அதற்குப் பெயர். முடிச்சுக்குமேல் முடிச்சாகக் கயிறு நீண்டுகொண்டே போகும். தப்பாகப் போய்விட்டால் பின்னால் போய் எந்த முடிச்சில் தப்பு நடந்தது என்று பார்க்கலாம், அதை மட்டும் அவிழ்க்கலாம். நீங்கள் திருத்த வேண்டுமென்றால் உங்களுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று எனக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். நான் பார்த்துச் சரியென்றால் சேர்ப்பேன். இல்லையென்றால் இல்லை.

இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழில் பதினான்கு பாயிண்டாக எழுதி முன்னாலேயே வைத்தேன். அதற்கு நான் பட்ட பாடு பஸ் நேரம் எழுதியதைவிட அதிகம். கமிட் என்றால் என்ன, கோரிக்கை எப்படி அனுப்புவது, காரணத்தை எப்படி எழுதுவது. எட்டு மாதம் ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள்.

மணி பத்து நாற்பத்து நான்கு. நாலு நிமிடம் ஒரு தாமதமா? வரும்.

ஜெபக்கனி என்று பெயர். கருவேலம்பாட்டில் நர்ஸ். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, ஆபீசில் கொடுத்த லேப்டாப் ஒன்று வைத்திருந்தாள். நாலு ஊருக்கு டவுன் பஸ்ஸில்தான் போய் வர வேண்டும், அதனால் என் அட்டவணையைப் பார்த்திருக்கிறாள். என் பதினான்கு பாயிண்டையும் ராத்திரி வகுப்புக்குப் போவதுபோல் உட்கார்ந்து படித்திருக்கிறாள். பிறகு ஒரே கோரிக்கையில் நாற்பத்தொரு திருத்தம் அனுப்பினாள். காரணம் என்ற இடத்தில், 'சரி செய்தது'.

ஏன் சிரிக்கிறீர்கள்?

தெரியுமா? நீங்கள் அவரிடம்தான் போகிறீர்களா. ஆமாம், கருவேலம்பாடு துணை சுகாதார நிலையம்தான். செவ்வாய்க்கிழமை செக்கப், சரிதான், இன்று செவ்வாய்தானே. நல்லவர்தான். நான் கெட்டவர் என்று எங்கே சொன்னேன்? நானும் அவரைப் பார்க்கத்தான் போகிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

விஷயத்தைக் கேளுங்கள். நாற்பத்தொரு திருத்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் நான் என்ன செய்ய முடியும்? அதில் நாற்பது சரி, ஒன்று தப்பு என்றால், மூட்டையோடு ஏற்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையோடு தள்ள வேண்டும். ஆறாவது பாயிண்ட் தெளிவாகச் சொல்கிறது, ஒரு திருத்தத்துக்கு ஒரு கமிட், ஒரு காரணம். திருப்பி அனுப்பினேன். 'சரி சார்' என்று ஒரு பதில். ஒரு வாரம் கழித்து லேபில் என் மெயிலைத் திறக்கிறேன், நாற்பத்தொரு கோரிக்கை. தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் காரணம். நாள் முழுக்கக் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து இதைச் செய்திருக்கிறார். பிடிவாதக்காரர் என்று அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும் நான்.

காரணம் எப்படி எழுதுவார் தெரியுமா? 'ஆலங்கிணறு ஆறு நாற்பது அல்ல, ஆறு இருபத்தைந்து. டிரைவர் மாறிவிட்டார். புது டிரைவர் வழியில் டீ குடிப்பதில்லை.' இது ஒரு காரணமா? 'பனைவிளை எட்டேகால் திங்கட்கிழமை மட்டும் நிற்பதில்லை. சந்தைக் கூட்டம், உள்ளே இடமிருக்காது, கண்டக்டர் விசிலை எடுக்க மாட்டார்.' எனக்கு வேண்டியது ஆதாரம். டெப்போ சுவரில் என்ன இருக்கிறதோ அது. டிரைவர் டீ குடித்தாரா என்பதை அட்டவணையில் எப்படி ஏற்றுவது?

ஹமீதிடம் நம்பர் வாங்கிக்கொண்டு அவரே கூப்பிட்டார். முதல் தடவை பேசியது அப்போதுதான்.

'சார், நாந்தான் ஜெபக்கனி. அந்த ஆலங்கிணறு வண்டிய ஏன் சார் தள்ளிட்டீங்க?'

'சுவரில் ஆறு நாற்பது என்று இருக்கிறது.'

'செவுத்துல இருக்க வண்டியில ஏற முடியாதுல்லா சார்.'

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு சனிக்கிழமை நின்றவன் நான். இவர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போகிறவர்.

'நீங்கள் பார்த்தது ஒரு நாள் நடந்ததாக இருக்கலாம்' என்றேன்.

'ஒரு நா இல்ல சார், ஒரு மாசமா பாக்கேன். சார் ஒருதரம் வந்து நின்னு பாருங்க. காலைல ஆறு மணிக்கு வந்தீங்கன்னா நானே டீ வாங்கித் தாரேன். அந்த டிரைவருக்கும் சேத்து.'

நான் போகவில்லை. எனக்கு லேப் இருந்தது.

சுவரில் இல்லாத விஷயங்களை மட்டும் ஏற்றுக்கொண்டேன். திருவிழா நாளில் எங்கே திருப்பிவிடுகிறார்கள், எந்த நிறுத்தம் இடம் மாறியிருக்கிறது, அந்த மாதிரி. சுவரில் இருப்பதோடு மோதினால் என்னுடையதுதான். மோதல் என்று ஒன்று உண்மையிலேயே வரும் அம்மா. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருத்தினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். இரண்டையும் மேலும் கீழுமாகக் காட்டி, எது வேண்டும் நீயே சொல் என்று கேட்கும். அது தேர்ந்தெடுக்காது. மனிதன் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், இரண்டையும் நிதானமாகப் படியுங்கள், மாற்றியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று ஒன்பதாவது பாயிண்டில் எழுதியிருக்கிறேன். மேலே இருப்பது எப்போதும் என்னுடையதாக இருக்கும். மேலே இருப்பதை வைத்துக்கொள்வேன்.

இந்தப் பத்து நாற்பதுக்கும் அனுப்பியிருந்தார். 'பூவரசன்குளம் விலக்கு பத்து நாற்பது அல்ல, பத்து இருபத்தைந்து. வாய்க்கால் பாலம் வேலை நடக்கிறது. சுற்றிப் போக வேண்டியிருப்பதால் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். கண்டக்டரிடம் கேட்டேன். நானே இரண்டு தடவை விட்டுவிட்டேன்.' அது ஆகிவிட்டது ஒன்றரை வருடம். பாலம் எப்போதோ முடிந்திருக்கும்.

முடியவில்லையா?

போன வாரம் உங்கள் அம்மாவோடு ஆட்டோவில் போனபோது சுற்றித்தான் போனீர்களா. சரி. இருக்கலாம். கான்ட்ராக்டர்கள் அப்படித்தான்.

மணி என்ன? பத்து ஐம்பது. தண்ணீர் குடியுங்கள். வெயில் ஏறுகிறது, இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், இங்கே நிழல் இருக்கிறது.

ஒரு வருடம் இப்படி ஓடியது. அவர் தெரிந்த நர்ஸ்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார். என் பதினான்கு பாயிண்டை அச்செடுத்து அவர்களுடைய மாதாந்திரக் கூட்டத்தில் கொடுத்திருக்கிறார். ஆறு பேர் வந்தார்கள். அவர்களும் இவர் மாதிரியே எழுதினார்கள். 'ஞாயிறு சர்ச் விட்டதும் வண்டி ஐந்து நிமிடம் காத்து நிற்கும்.' 'கைப்பிள்ளையோடு நின்றால் நிறுத்துவார், தனியாக நின்றால் நிறுத்த மாட்டார்.' கயிறு எப்படி ஆகிவிட்டது தெரியுமா? பின்னால் போய்ப் பார்த்தால் வரலாறு மாதிரியே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டே வருவது மாதிரி இருந்தது.

அந்தத் தளத்தில் ஓரத்தில் ஒரு பட்டியல் வரும். யார் எத்தனை கமிட் என்று. பெரிய எண்ணிக்கை மேலே. ஜெபக்கனி நூற்று எண்பத்தேழு. அதற்குக் கீழே வேலாயுதப்பெருமாள் அறுபத்து நான்கு. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. அது தானாக வருகிற பட்டியல், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? லேபில் ஒரு மாணவன் திரையைப் பார்த்துவிட்டு, 'சார், இது ஜெபக்கனி மேடத்தோட புராஜெக்டா, நீங்க ஹெல்ப் பண்ணுதீங்களா' என்று கேட்டான். தெரியாமல் கேட்டான், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுத்தம் செய்யலாம் என்றுதான். என்னுடைய ஆரம்பக் கமிட்டுகளில்கூட 'சோதனை', 'மறுபடி சோதனை', 'ஐயோ' என்றெல்லாம் இருந்தது. வெளியே இருந்து யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அத்தனை முடிச்சையும் ஒன்றாகச் சுருட்டி ஒரே முடிச்சாக்கினேன். 'அட்டவணை, முதல் பதிப்பு.' என் பெயர், அன்றைய தேதி. அதை அப்படியே தளத்தில் இருந்ததன்மேல் பலவந்தமாக ஏற்றினேன். ஃபோர்ஸ் புஷ் என்பார்கள். வரி ஒன்றுகூடக் குறையவில்லை அம்மா. நேரம் எல்லாம் அப்படியே இருந்தது. யார், எப்போது, எதற்கு என்பது மட்டும்தான் போனது. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா?

மறுநாள் காலையில் ஜெபக்கனி கூப்பிட்டார்.

'சார், எம் மெஷின்ல அறுநூறு வரியும் மோதுதுன்னு காட்டுது. நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா?'

தப்பு அவருடையதில்லை என்று சொன்னேன். அந்த அளவுக்கு நான் நேர்மையானவன். நான் சுத்தம் செய்தேன் என்றேன். போனில் அவர் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

'பனைவிளை நிறுத்தம் ஏன் தள்ளிப் போச்சுன்னு இனி யாருக்கு சார் தெரியும்?'

'புது இடம் இருக்கிறதே.'

'எடம் இருக்கு சார். நாளைக்கு அங்க ரோட்டு வேல முடிஞ்சா, திரும்ப மாத்தணும்லா? எதுக்காக மாத்துனோம்னு எழுதிருந்தாத்தானே எப்ப திருப்பணும்னு தெரியும்?'

லேபுக்கு நேரமாகிறது என்றேன்.

'சார், பதினோராவது பாயிண்டு.'

'என்ன?'

'பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் பழைய முடிச்சுகளை அழிக்கவோ, ஃபோர்ஸ் புஷ் செய்யவோ வேண்டாம். அது அடுத்தவர் உழைப்பை அழிப்பதாகும். நீங்கதான் சார் எழுதிருக்கீங்க.'

என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டுகிறார். 'அது புதியவர்களுக்கு எழுதியது' என்றேன்.

'ஓ' என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த முறையில் யார் நகல் எடுத்தாலும் வெறும் கோப்பு மட்டும் போவதில்லை, முழுக் கயிறும் போகும். முதல் முடிச்சிலிருந்து. அதுதான் இதன் பலம் என்று மூன்றாவது பாயிண்டில் நானே எழுதியிருக்கிறேன். அவருடைய லேப்டாப்பில் எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது. அதை எடுத்துத் தனியாக ஒரு இடத்தில் வைத்துவிட்டார். ஃபோர்க். சட்டப்படி தப்பில்லை. யாரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தானே. ஆறு பேரும் அங்கே போய்விட்டார்கள். இப்போது நாற்பது பேருக்குமேல் இருக்கிறார்கள். கண்டக்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். டைம் கீப்பரே ஒரு நாள் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். எனக்கு ஸ்டூல் தராத அதே மனிதர்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்ப்பேன். காலையில் லேப் திறந்ததும் ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை. தப்பு ஏதாவது செய்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா?

அங்கே என் பெயரும் இருக்கிறது. அறுபத்து நான்கு முடிச்சும். 'சோதனை', 'மறுபடி சோதனை', 'ஐயோ', எல்லாம் இருக்கிறது. என்னிடத்தில் நான் ஒரே முடிச்சு, அங்கே அறுபத்து நான்கு. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். 'சார், நடுவுல எடுத்தா மேல உள்ளது நிக்காதுல்லா. நீங்க போட்டதுக்கு மேலதான எல்லாம் நிக்கு' என்று பதில். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

இதை வீட்டில் சொன்னால், என் மனைவி, 'பஸ் கவர்மெண்டு பஸ்ஸு, ஓட்டுதது டிரைவரு, ஏறுதது ஜனங்க. இதுல உங்களுக்கு எங்க வலிக்குன்னு எனக்கு வெளங்கல' என்கிறாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.

பதினொன்று ஆகப்போகிறது. நீங்கள் எத்தனை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்? பன்னிரண்டரைக்கு அவர் ஊர்களுக்குக் கிளம்பிவிடுவாரா? ஸ்கேனுக்குச் சீட்டு வாங்க வேண்டுமா, நாளைக்குத்தான் ஸ்கேனா. பயப்படாதீர்கள். இதற்கு அடுத்தது பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பத்து பிடித்தால் ஒரு மணி ஆகிவிடும். ஆமாம்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், எதற்காக அவரைப் பார்க்கப் போகிறேன் என்று. ஹமீது ஆப்பை மாற்றிவிட்டான். புதிதாகப் போடுகிறவர்களுக்கு அவருடைய அட்டவணை வரும். பழைய போன்களில் என்னுடையதுதான் வரும். உங்களுடையது தம்பி வைத்திருந்த போன் என்றீர்கள், அதனால்தான் என்னுடையது இருக்கிறது. இந்த மாதிரி மூவாயிரம் போன் இருக்கிறதாம். என் அட்டவணையின் தலையில் நான் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், 'இது இன்ன இடத்துக்கு மாறிவிட்டது' என்று. மூவாயிரமும் தானாக அங்கே போய்விடும். ஹமீது கடையில் வைத்தே கேட்டான். 'அண்ணே, ஒத்த வரிண்ணே. நீங்க டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள போட்ரலாம்.' அவனுக்கு என்ன, ஒரு வரி. அந்த வரியைப் போட்டால் அப்புறம் என்னிடத்துக்கு யார் வருவார்கள்?

ஜெபக்கனியும் முறைப்படி கோரிக்கை அனுப்பியிருக்கிறார். ஒரு திருத்தம், ஒரு காரணம். 'செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வரும் அம்மாக்களில் இந்த மாதம் நாலு பேர் பழைய நேரத்தைப் பார்த்து வண்டியை விட்டுவிட்டார்கள். ஒருவர் அடுத்த வாரமும் வரவில்லை. சார் பெயர் மேலே அப்படியே இருக்கட்டும்.' அது அங்கேயே இருக்கிறது, பதில் இல்லாமல். இருநூற்று முப்பத்தொரு நாள். எத்தனை நாளாக நிற்கிறது என்று தளமே போட்டுக் காட்டும். யார் வந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

நான் தள்ளிவிடலாம். ஒரு பொத்தான்தான். ஆனால் தள்ளினால், தள்ளியது வேலாயுதப்பெருமாள் என்று விழும். தேதியோடு. அது போகவே போகாது. அவரே வாபஸ் வாங்கிக்கொண்டால் அவர் பெயரில் முடிந்துவிடும், இரண்டு பேருக்கும் கௌரவம். அதைக் கேட்கத்தான் போகிறேன். போனில் கேட்கிற விஷயமில்லை. நேரில் சொன்னால் புரிந்துகொள்வார். பிடிவாதக்காரரே தவிர, மரியாதை தெரிந்தவர். இன்றைக்கு வரைக்கும் சார் என்றுதான் எழுதுகிறார்.

என்ன அம்மா? காலைப் பிடித்துக்கொள்கிறீர்கள். வலிக்கிறதா? நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, யார் பார்க்கிறார்கள்.

கூட யாரும் வரவில்லையா? அம்மாவுக்கு வேலை. சரி. எத்தனையாவது மாதம்? ஏழு.

போனைக் கொடுங்கள்.

ஒன்றும் செய்துவிட மாட்டேன், கொடுங்கள். மேலே மூன்று கோடு இருக்கிறதா, அதைத் தொட்டால் அமைப்புகள். 'அட்டவணை எங்கிருந்து.' இதில் இருப்பது என் முகவரி. இதை அழித்துவிட்டு. கொஞ்சம் பொறுங்கள். அவருடையது நீளமான முகவரி, ஒரு எழுத்து தப்பினால் வராது. எனக்கு மனப்பாடம், பார்க்க வேண்டியதில்லை. இப்போது கொஞ்ச நேரம் சுற்றும். சிக்னல் இங்கே சுமார்தான்.

வந்துவிட்டது. கருவேலம்பாடு, பத்து இருபத்தைந்து. அது போய்விட்டது. அதற்குக் கீழே பாருங்கள், பதினொன்று ஐந்து. மினி பஸ். மினி பஸ்ஸை நான் சேர்த்ததில்லை, தனியார் வண்டி. பக்கத்தில் குறிப்பு இருக்கிறது. 'எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். ஊரைச் சுற்றிப் போகும், ஆனாலும் பன்னிரண்டுக்குள் சேர்த்துவிடும். முதல் படி தாழ்வு. முன் சீட் கேட்டால் தருவார்கள்.'

இரண்டு நிமிடம் இருக்கிறது. மெதுவாக எழுந்திருங்கள். பையைத் தோளில் போடாதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வரவில்லை. என் அட்டவணையில் பன்னிரண்டு பத்துக்கு இந்தப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, நான் அதில் வந்துகொள்கிறேன். ஒரு மணிக்கு அவர் இல்லையென்றால் இருக்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டு போகிறேன். நீங்கள் போங்கள்.

அந்த லாரி போகட்டும். இப்போது தாண்டுங்கள். ஓடாதீர்கள், வண்டி திருப்பத்தில்தான் வருகிறது. நீங்கள் நடங்கள், நான் இங்கிருந்தே கையைக் காட்டுகிறேன்.